படம் எப்படி?



திங்கட்கிழமை காலையில் வேலைக்குத் திரும்புகிறவர்கள் தேநீர் வேளையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. “படத்துக்குப் போனீர்களாமே, எப்படி இருந்தது?” என்பதே அது. தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும், பள்ளி ஆசிரியர் அறையிலும், திருமண வீட்டுப் பந்தியிலும் இந்தக் கேள்வி காதில் விழும். விடைகளும் நமக்குப் பழக்கமானவைதாம். “பரவாயில்லை” என்பார் ஒருவர். “ஒரு தடவை பார்க்கலாம்” என்பார் இன்னொருவர். “அறுவை” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார் மூன்றாமவர். கணக்கில் விருப்பமுள்ளவர் என்றால், “பத்துக்கு ஏழு கொடுக்கலாம்” என்பார்.

கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விடுகிறார். ஆனால், அவருக்கு என்ன தெரிந்தது என்று எண்ணிப் பாருங்கள். கதை நன்றாக இல்லையா, அல்லது கதை நன்றாக இருந்து நடிப்பு சரியில்லையா? குழந்தைகளை அழைத்துப் போகலாமா, கூடாதா? ஏழு என்றால் அது தாராளமான ஏழா, கஞ்சத்தனமான ஏழா? இவற்றுள் ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு முடிவு மட்டும் கிடைத்தது. அந்த முடிவுக்கு வந்த வழி கிடைக்கவில்லை.

பார்த்த படத்தைப் பற்றிப் பிறருக்குச் சொல்வதும் அதற்கு மதிப்பெண் இடுவதும் எப்படி அமைய வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள். பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சுதானே, இதற்கு ஓர் உரை தேவையா என்று சிலர் நினைக்கலாம். தேவைதான் என்பதற்குக் காரணம் இருக்கிறது.

சந்தையில் மீன் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிறார். மாம்பழம் வாங்குகிறவர் முகர்ந்து பார்க்கிறார். துணி வாங்குகிறவர் விரித்துப் பார்க்கிறார். திரைப்படத்தை மட்டும் அப்படிச் சோதித்து வாங்க முடியாது. முதலில் பணம் கொடுக்க வேண்டும். உள்ளே போய் உட்கார வேண்டும். விளக்கு அணைந்த பிறகுதான் சரக்கு கண்ணுக்குத் தெரியும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் படம் பார்த்துத் திரும்புவதற்குள் எத்தனை வெள்ளி கரைகிறது என்பதைக் குடும்பத் தலைவர்கள் அறிவார்கள். ஆகவேதான், முன்பே பார்த்தவரின் சொல்லை நாம் நாடுகிறோம். சொல்கிறவர் பொறுப்போடு சொல்ல வேண்டும் என்பதும் அதனால்தான்.

ஒரு காலத்தில் இந்த நாட்டுத் தோட்டங்களில் திடலில் வெள்ளைத் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். தோட்டமே பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும். மறுநாள் விடியற்காலையில் பால்மரக் காட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சாகவே இருக்கும். எல்லோரும் பார்த்த படத்தை எல்லோருமாகப் பேசி மகிழ்ந்த காலம் அது. அந்தப் பேச்சுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இன்றோ நாம் பேசுவது பெரும்பாலும் பார்க்காதவரிடம். பார்த்தவரோடு பேசுவது ஒரு வகை; பார்க்காதவருக்குச் சொல்வது வேறு வகை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்வது நல்லது.

படங்களுக்கு மதிப்பெண் இடும் பழக்கம் எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பார்ப்போம். 1928ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், நியூயார்க் நகரின் ‘டெய்லி நியூஸ்’ நாளிதழில் ஐரீன் திரர் என்ற பெண் விமர்சகர் படங்களுக்கு நட்சத்திரக் குறி இடும் முறையைத் தொடங்கினார். மூன்று நட்சத்திரம் என்றால் மிகச் சிறப்பு. இரண்டு என்றால் நன்று. ஒன்று என்றால் சுமார். நட்சத்திரமே இல்லையென்றால் படம் மோசம். காலையில் அவசரமாகப் பத்திரிகையைப் புரட்டுகிறவருக்கு இது மிக வசதியாக இருந்தது. அந்த வசதியே அம்முறையை உலகெங்கும் பரப்பியது.

1950களில் பிரான்சு நாட்டின் ‘காயே து சினிமா’ என்ற திரைப்பட இதழ் இன்னொரு முறையைக் கையாண்டது. பத்து விமர்சகர்களின் பெயர்களை ஒரு கட்டத்தில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் அவரவர் இட்ட குறியைத் தனித்தனியே அச்சிட்டது. கறுப்புப் புள்ளி இருந்தால், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம் என்று பொருள். நான்கு நட்சத்திரம் இருந்தால், அது தலைசிறந்த படைப்பு. இந்தக் கட்டத்தைத் தொடர்ந்து பார்க்கும் வாசகர், எந்த விமர்சகரின் சுவை தம் சுவையோடு ஒத்துப்போகிறது என்பதைத் தாமே கண்டுகொள்ளலாம். இது நல்ல முறை அல்லவா?

தமிழ்நாட்டில் ‘ஆனந்த விகடன்’ வார இதழ் படங்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று பள்ளிக்கூடக் கணக்கில் மதிப்பெண் வழங்கி வந்ததை மூத்த நேயர்கள் அறிவார்கள். 1977ஆம் ஆண்டில் பாரதிராஜாவின் முதல் படமான ‘16 வயதினிலே’ வெளிவந்தது. படக்குழு படப்பிடிப்பு நிலையத்தின் அட்டைச் சுவர்களை விட்டுவிட்டு நேரே கிராமத்துக்குப் போனது. கதாநாயகர் கோவணம் கட்டிய, கால் ஊனமான சப்பாணியாக நடித்தார். தமிழ்த் திரையின் போக்கையே மாற்றியதாகப் போற்றப்படும் அந்தப் படத்துக்கு விகடன் இட்ட மதிப்பெண் 62.5. வேறு இடத்தில் இதே எண்ணைக் கண்டால், ஏதோ தேர்ச்சி பெற்ற படம் என்று நினைப்போம். விகடனைத் தொடர்ந்து படித்தவர்களுக்கோ அது மிகப் பெரிய மதிப்பெண் என்று தெரியும். கண்டிப்பான ஆசிரியர் தரும் அறுபது, தாராளமான ஆசிரியர் தரும் தொண்ணூறைவிடப் பெரிது. ஆகவே, எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. இட்ட கை யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி, பொதுமக்களின் கருத்துக்கு வருவோம். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட் மின்ட்ஸ் என்பவர் ‘தி சீப் டிடெக்டிவ்’ என்ற நகைச்சுவைப் படத்துக்கு மிகுந்த எதிர்பார்ப்போடு போய், ஏமாற்றத்தோடு வெளியே வந்தார். விமர்சகர்கள் சொல்வது இருக்கட்டும், நம்மைப் போல் பணம் கொடுத்துப் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டால் என்ன என்ற எண்ணத்திலிருந்து ‘சினிமாஸ்கோர்’ என்ற நிறுவனம் பிறந்தது. படம் திரையிடப்படும் முதல் நாள் இரவு, கொட்டகைக்கு வருகிறவர்களிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, பள்ளிக்கூடத் தேர்வுபோல ஏ, பி, சி என்று தரம் இடச் சொன்னார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் நாள் இரவு முண்டியடித்துக்கொண்டு வருகிறவர் யார்? அந்தப் படத்துக்காகவே காத்திருந்தவர். பிடிக்க வேண்டும் என்ற மனத்தோடு வருகிறவர் அவர். ஆகவே, அவர் இடும் தரம் சற்று உயர்ந்தே இருக்கும். நம் ஊரிலும் இதே நிலைதான். பெரிய நடிகரின் படம் வெளியாகும் முதல் காட்சியில் விசிலும் கைத்தட்டலும் கொட்டகையை அதிர வைக்கின்றன. அது அன்பின் ஓசை. அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால், அந்த ஓசையைப் படத்தின் தரம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் குடும்பத்தை அழைத்துப் போகிறவர் ஏமாறக்கூடும்.

பத்து என்றும் ஐந்து என்றும் எண்களைச் சொல்லும்போது, அவற்றின் பின்னால் இருக்கும் கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிறு கணக்கைச் சொல்கிறேன். பத்துப் பேர் ஒரு படத்தைப் பார்க்கிறார்கள். பத்துப் பேரும் பத்துக்கு ஆறு என்று மதிப்பெண் இடுகிறார்கள். மொத்தம் அறுபது, சராசரி ஆறு. அதே பத்துப் பேர் இன்னொரு படத்தைப் பார்க்கிறார்கள். ஐந்து பேர் பத்துக்குப் பத்து கொடுக்கிறார்கள். மற்ற ஐந்து பேர் வெறும் இரண்டுதான் கொடுக்கிறார்கள். மொத்தம் அறுபது; சராசரி அதே ஆறு. எண் ஒன்றுதான். ஆனால், படங்கள் இரண்டும் ஒன்றா? முதல் படம் யாரையும் புண்படுத்தவுமில்லை, யாரையும் உலுக்கவுமில்லை. இரண்டாவது படம் பாதிப் பேரை உருக வைத்தது, பாதிப் பேரை எரிச்சலூட்டியது. சராசரி என்ற ஒற்றை எண் இந்தப் பெரிய வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

இதையே வேறு விதமாகக் கணக்கிட்டால் இன்னும் வியப்பாக இருக்கும். 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ராட்டன் டொமேட்டோஸ்’ முறை, விமர்சகர்களுள் எத்தனை விழுக்காட்டினர் படத்தை நன்று என்றார்கள் என்பதை மட்டுமே கணக்கிடுகிறது. ஆறும் அதற்கு மேலும் நன்று என்று கொண்டால், நம் முதல் படத்துக்கு நூறு விழுக்காடு கிடைக்கும். இரண்டாவது படத்துக்கு ஐம்பதுதான் கிடைக்கும். நூறு விழுக்காடு என்று கேட்டவுடன், இதைவிடச் சிறந்த படம் இல்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். உண்மையில் அதற்குப் பொருள், எல்லோரும் ‘பரவாயில்லை’ என்றார்கள் என்பதாகவும் இருக்கலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றே பேர் பார்த்து மூவரும் பத்துக்குப் பத்து கொடுத்த படத்தையும், முப்பதாயிரம் பேர் பார்த்துச் சராசரி எட்டு பெற்ற படத்தையும் எப்படி ஒப்பிடுவது? அந்த மூவரும் இயக்குநரின் அண்ணன் தம்பிகளாகவே இருக்கலாம் அல்லவா? இதற்காகவே, உலகப் படங்களுக்கு இரசிகர்கள் இடும் மதிப்பெண்களைத் தொகுக்கும் ஐ.எம்.டி.பி. அமைப்பு, தன் சிறந்த படங்களின் வரிசைக்கு ஒரு சூத்திரத்தைக் கையாண்டது. வாக்குகள் குறைவாக உள்ள படத்தின் மதிப்பெண்ணைப் பொதுச் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து வைப்பார்கள். வாக்குகள் பெருகப் பெருக, படம் தன் சொந்த மதிப்பெண்ணில் நிற்கும். கொஞ்சம் பேர் சொன்னதை உடனே நம்பிவிடாதே, பொறுத்துப் பார் என்று நம் பாட்டிமார் சொல்லும் அறிவுரைதான் இங்கே கணக்கு வடிவில் நிற்கிறது.

பொறுத்துப் பார்க்க வேண்டியதன் தேவையைத் தமிழ்த் திரையின் வரலாறே நமக்குக் காட்டுகிறது. 1954ஆம் ஆண்டில் ஏ.வி.எம். நிறுவனம் ‘அந்த நாள்’ என்ற படத்தை வெளியிட்டது. எஸ். பாலசந்தர் இயக்கியது. வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொன்றவர் யார் என்று ஆராயும்போது, ஒவ்வொருவரும் தம் நோக்கில் ஒரு கதை சொல்கிறார்கள். பாட்டுக்காகவே மக்கள் படம் பார்த்த அந்தக் காலத்தில், இந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூட இல்லை, நடனமும் இல்லை. சிவாஜி கணேசன் நடித்திருந்தும் படம் அப்போது வசூலில் வெற்றி பெறவில்லை. அன்று கொட்டகை வாசலில் நின்று மதிப்பெண் கேட்டிருந்தால், பலர் மிகக் குறைவாகவே கொடுத்திருப்பார்கள். ஆயினும், அந்தப் படத்துக்குத் தேசிய விருதுகளில் நற்சான்றிதழ் கிடைத்தது. பின்னாளில் தமிழின் சிறந்த படங்களைப் பட்டியலிடுகிறவர்கள் அதை மறக்காமல் குறிப்பிடத் தொடங்கினார்கள். “பாட்டே இல்லை” என்று அன்று குறையாகச் சொல்லப்பட்டதே, பிறகு அதன் பெருமையாயிற்று.

அமெரிக்காவிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1994இல் வெளிவந்த ‘தி ஷாஷாங்க் ரிடம்ப்ஷன்’ என்ற சிறைச்சாலைக் கதை கொட்டகைகளில் கூட்டம் சேர்க்கவில்லை. ஏழு ஆஸ்கார் விருதுகளுக்கு முன்மொழியப்பட்டு ஒன்றையும் பெறவில்லை. பிறகு அது வீடியோ நாடாவிலும் தொலைக்காட்சியிலும் வீடு வீடாகப் புகுந்தது. பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொன்னார். 2008இல் ஐ.எம்.டி.பி. இரசிகர் வரிசையில் அது முதலிடத்துக்கு வந்தது.

அப்படியானால், “படம் எப்படி?” என்று கேட்கிறவருக்கு நாம் எப்படி விடை சொல்ல வேண்டும்? நான்கு செய்திகள் அதில் இருந்தால் போதும்.

முதலாவது, அது எத்தகைய படம் என்பது. குடும்பக் கதையா, துப்பறியும் கதையா, சண்டைப் படமா, நகைச்சுவையா என்று சொல்லிவிட வேண்டும். பேய்ப் படத்தைக் கண்டு நடுங்குகிறவரிடம், அது எவ்வளவு சிறந்த பேய்ப் படம் என்று விளக்கிப் பயனில்லை.

இரண்டாவது, காரணம். இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. “நடிப்பு நன்று” என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், எதனால் என்று ஒன்றையாவது சுட்டிக் காட்டுங்கள். “தகப்பனாக வருகிறவர் அழவே இல்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசுகிறார், அதிலேயே அவருடைய துயரம் தெரிகிறது” என்று சொன்னால், கேட்பவருக்குப் படமும் தெரியும், உங்கள் சுவையும் தெரியும். அவர் உங்களோடு உடன்படாமல் போனாலும் பயன் பெறுவார். “பாட்டு அதிகம், அதனால் எனக்குப் பிடிக்கவில்லை” என்று நீங்கள் சொன்னால், பாட்டை விரும்புகிறவர் உடனே சீட்டு வாங்கப் போய்விடுவார். காரணத்தோடு சொன்ன குறைகூட இன்னொருவருக்கு வழிகாட்டியாகிறது. காரணமில்லாத புகழ்ச்சி யாருக்கும் வழிகாட்டுவதில்லை.

மூன்றாவது, யாருக்கு ஏற்றது என்பது. சிங்கப்பூரில் படங்களுக்குப் பி.ஜி.13, என்.சி.16, எம்.18, ஆர்.21 என்று வயதுக்கேற்ற தரப்பிரிவு தருகிறார்கள். மலேசியாவிலும் வயது வரம்பு உண்டு. ஆனால், இந்தக் குறிகள் எந்த வயதினர் பார்க்கலாம் என்பதைத்தான் சொல்கின்றன. படம் நல்லதா என்று அவை சொல்வதில்லை. எட்டு வயதுப் பிள்ளை இரவில் பயந்து எழுமா, வயதான பெற்றோருக்கு அந்தச் சத்தம் தாங்குமா என்பதையெல்லாம் பார்த்து வந்த நண்பர்தான் சொல்ல முடியும்.

நான்காவது, சொல்லக் கூடாததைச் சொல்லாமல் விடுவது. 1960இல் ‘சைக்கோ’ படத்தை வெளியிட்டபோது இயக்குநர் ஆல்பிரட் ஹிட்ச்காக், படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று கொட்டகைக்காரர்களுக்கு நிபந்தனை விதித்தார். முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று பார்த்தவர்களையும் கேட்டுக்கொண்டார். ‘அந்த நாள்’ படத்தில் சுட்டது யார் என்பதைச் சொல்லிவிட்டால், கேட்டவருக்கு மிஞ்சுவது என்ன? பரிசுப் பெட்டியைப் பிறர் கையிலிருந்து பிடுங்கி, நாமே பிரித்துக் காட்டுவது போன்றது அது. கதையின் வாசல் வரை அழைத்துப் போங்கள். உள்ளே அவர் தாமே போகட்டும்.

நேயர்களே, இங்கே இரசிகர் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரசம் என்றால் சுவை. சுவையை உணர்கிறவரே இரசிகர். எம்.ஜி.ஆர். இரசிகர், சிவாஜி இரசிகர் என்று நம் பெரியவர்கள் இரு கட்சியாக நின்று வாதாடிய காலம் ஒன்று இருந்தது. பிறகு நடிகர்களின் பெயர்கள் மாறின; கட்சிகள் மாறவில்லை. ஒருவரை விரும்புவதில் தவறில்லை. ஆனால், நாம் விரும்பும் நடிகரின் படத்துக்குப் பார்ப்பதற்கு முன்பே பத்து மதிப்பெண்ணும், மற்றவரின் படத்துக்குப் பார்க்காமலேயே சுழியும் போட்டுவிட்டால், சுவைக்கு அங்கே என்ன வேலை? சாப்பிடாமலேயே உப்பு அதிகம் என்று சொல்கிறவரை வீட்டில் யாரும் மதிப்பதில்லை. “எனக்குப் பிடித்த நடிகர்தான், ஆனால் இந்தப் படத்தில் கதை தளர்ந்துவிட்டது” என்று சொல்லக்கூடியவரே உண்மையான இரசிகர். அவர் புகழும்போது அந்தப் புகழுக்கு மதிப்பு இருக்கும்.

பிள்ளைகளிடம் இந்தப் பழக்கத்தை வளர்ப்பது எளிது. படம் பார்த்துத் திரும்பும் வழியில், “பிடித்ததா?” என்று கேட்காதீர்கள். அதற்கு “ஆம்” என்றோ “இல்லை” என்றோ சொல்லிவிட்டுப் பிள்ளை தூங்கிவிடும். “எந்த இடம் பிடித்தது? அவன் அப்படிச் செய்தது சரியா? நீயாக இருந்தால் என்ன செய்வாய்?” என்று கேளுங்கள். காரணம் சொல்லப் பழகும் பிள்ளை, கட்டுரை எழுதவும் பழகுகிறது. அதுவும் தமிழில் கேட்டுத் தமிழிலேயே விடை சொல்லச் செய்தால், வீட்டில் தமிழ் புழங்க அதைவிட இனிய வழி ஏது?

நண்பர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஒரு படத்தைப் பற்றிக் கூடிப் பேசலாம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். பேச்சைத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால், உரத்த குரலில் முதலில் பேசுகிறவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும். சீட்டுகளைப் பிரித்தவுடன், மிக அதிகமாகக் கொடுத்தவரும் மிகக் குறைவாகக் கொடுத்தவரும் முதலில் பேசட்டும். சுவையான செய்திகள் அந்த இருவரிடமும்தான் இருக்கும். கடைசியில், யாராவது தம் மதிப்பெண்ணை மாற்ற விரும்பினால் மாற்றிக்கொள்ளலாம்.

தனியாக இருப்பவர் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளலாம். பார்த்த நாள், படத்தின் பெயர், ஒரு மதிப்பெண், இரண்டு வரிக் காரணம் ஆகியவை போதும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வாழ்ந்த கால் நீதம் என்ற இளைஞர், தாம் பார்த்த படங்களைப் பற்றிய குறிப்புகளை இப்படித்தான் சேர்த்து வைத்தார். 1990இல் மற்ற இரசிகர்களின் பட்டியல்களும் அதனோடு சேர்ந்தன. முன்னர் நாம் குறிப்பிட்ட ஐ.எம்.டி.பி. அப்படித்தான் உருவானது. நம் குறிப்பேடு அவ்வளவு பெரிதாக வளர வேண்டியதில்லை. ஐந்தாண்டு கழித்துப் புரட்டிப் பார்த்தால், அன்று பத்து கொடுத்த படம் இன்று ஐந்தாகத் தோன்றும். அன்று அலட்சியமாகத் தள்ளிய படம் நெஞ்சில் தங்கியிருக்கும். படத்தை அளந்த அதே கோலால் நம் வளர்ச்சியையும் அளந்துகொள்ளலாம்.

இறுதியாக, இரசிகரின் சொல் ஒரு படத்தை வாழ வைக்கும் என்பதற்குச் சான்று காட்ட விரும்புகிறேன். 1947இல் கல்கத்தாவில் சத்யஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்கள் சேர்ந்து ஒரு திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார்கள். உலகப் படங்களைத் தேடிப் பார்த்து, அவற்றை ஆராய்ந்து பேசினார்கள். அப்படிப் பார்த்துப் பேசிய ரே, பின்னர் ‘பதேர் பாஞ்சாலி’ படத்தை எடுத்தார். 1955இல் அது கல்கத்தாவில் திரையிடப்பட்டபோது முதல் நாட்களில் கூட்டம் இல்லை. பெரிய நட்சத்திரம் இல்லாத, ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை. ஆனால், பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. ஒருவர் சொல்ல ஒருவர் கேட்டு, ஓரிரு வாரங்களுக்குள் கொட்டகை நிரம்பத் தொடங்கியது. பிறகு உலகமே அந்தப் படத்தை அறிந்தது.

நம் மண்ணிலும் நட்சத்திரம் இல்லாத படங்கள் வருகின்றன. 2015ஆம் ஆண்டின் இறுதியில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ என்ற மலேசியத் தமிழ்ப் படம் வெளிவந்தது. தீயவன் என்ற பொருளில் வரும் மலாய்ச் சொல், நம் மக்களின் நாவில் திரிந்து அப்படி ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு நிலத்தில் குடியேறிய குடும்பங்களில், ஒரு சுட்டிப் பையன் குண்டர் கும்பலின் நிழலில் எப்படி வளர்கிறான் என்பதே கதை. 2016இல் நடந்த 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. பெரிய விளம்பரத்துக்கு வசதி இல்லாத இத்தகைய படங்களுக்குக் கொட்டகையில் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. முதல் வாரத்தில் இருக்கைகள் காலியாக இருந்தால், அடுத்த வாரம் அந்தத் திரைக்கு வேறு படம் வந்துவிடும். அந்தச் சில நாட்களுக்குள் பார்த்த நூறு பேர் வெறுமனே “பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போனால், கதை அங்கேயே முடிந்துவிடும். “நம் வீட்டுப் பேச்சு, நம் ஊர்த் தெரு, நம் தகப்பன்மாரின் கோபம் அதில் இருக்கிறது, நடுப்பகுதி சற்று மெதுவாகப் போகிறது, ஆனாலும் போய்ப் பாருங்கள்” என்று சொன்னால், இன்னும் நூறு பேர் வருவார்கள்.

உள்ளூர்ப் படம் என்பதற்காகப் பொய்யாகப் புகழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது அந்தப் படத்தை எடுத்தவருக்கும் நன்மை செய்யாது. அடுத்த முறை நம் சொல்லை யாரும் நம்பவும் மாட்டார்கள். குறையைக் குறையாகவும் நிறையை நிறையாகவும், காரணத்தோடு சொன்னால் போதும். அதைக் கேட்டு ஒரு குடும்பம் தன் வெள்ளியை வீணாக்காமல் இருக்கும். ஒரு பிள்ளை சிந்திக்கப் பழகும். ஒரு நல்ல படம் இன்னும் ஒரு வாரம் ஓடும். மதிப்பெண் இடுவது ஒரு விநாடி வேலை. காரணம் சொல்ல இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடத் தயங்காதீர்கள்.